ஜஸ்டிஸின் 'ஹைப்பர்டிராமா': பிடிச்சிருக்கு... ஆனா?

8 வருஷம் கழிச்சு ஓர் ஆல்பம் வந்தா, நாம கேட்கிறது புதுப் பாட்டையா, நம்ம பழைய ஞாபகத்தையா? பிரெஞ்சு எலக்ட்ரானிக் ஜோடி ஜஸ்டிஸின் 'ஹைப்பர்டிராமா' 2024 ஏப்ரலில் வெளியானதிலிருந்து எனக்கு இந்தக் குழப்பம்தான்.

யார் இவங்க?

காஸ்பார் ஓஷே, ஸேவியர் த ரோனே. 2007-ல் வந்த இவர்களின் முதல் ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது, ஒரு சிலுவைக் குறி மட்டும்தான். ரசிகர்கள் அதை 'க்ராஸ்' என்றே சொல்வார்கள். அதோட அடையாளம் டிஸ்டார்ஷன். ஒலியின் அளவைத் தாங்கும் எல்லைக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் அதில் சேரும், ஒலி கரகரக்கும். ஸ்டுடியோக்களில் இதைத் தவிர்க்கப் படாதபாடு படுவார்கள். இவங்க அதையே இசையாக்கினாங்க. 'வாட்டர்ஸ் ஆஃப் நாசரேத்' கேட்டுப் பாருங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சோன்னு தோணும்!

அப்புறம் என்ன ஆச்சு?

2011-ல் 'ஆடியோ, வீடியோ, டிஸ்கோ' 70-களின் ராக் பக்கம் போனது. 2016-ல் 'வுமன்' டிஸ்கோவுக்குத் திரும்பியது. இதற்கிடையே 2021-ல் டாஃப்ட் பங்க் பிரிந்துவிட, பிரெஞ்சு எலக்ட்ரானிக் ரசிகர்களின் மொத்த எதிர்பார்ப்பும் இவங்க தலையில். கொஞ்சம் அநியாயம்தான்.

'ஹைப்பர்டிராமா'வில் 13 பாடல்கள். 'ஜெனரேட்டர்' எனக்கு உயிர். முரட்டு டெக்னோவும் டிஸ்கோவும் ஒன்றாகக் கலக்காமல், ஒரே பாட்டுக்குள் இடத்துக்குச் சண்டை போடும். ஆல்பம் முழுக்க இப்படியே போயிருக்கக் கூடாதான்னு ஏங்க வைக்கும்.

போகலை. 'மூன்லைட் ராண்டேவூ' வரும்போது வேகம் சுத்தமா இறங்கிடுது. விருந்தினர் குரல்களும் நிறைய: டேம் இம்பாலா, மிகெல், தண்டர்கேட். 'நெவரெண்டர்' அழகான பாட்டு, மறுக்கலை. ஆனா அது டேம் இம்பாலா பாட்டுல ஜஸ்டிஸ் விருந்தாளியா வந்த மாதிரி இருக்குன்னு நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். 2025 பிப்ரவரியில் சிறந்த டான்ஸ்/எலக்ட்ரானிக் பாடலுக்கான கிராமி விருது அதுக்கே கிடைச்சது. அன்னிக்கு என் வாட்ஸ்அப் நிலைமையைக் கேட்காதீங்க.

சரி, பழசு அவ்வளவு உசத்தியான்னு பார்க்க, போன வாரம் 'க்ராஸ்' ஆல்பத்தை முதலில் இருந்து போட்டேன். ஹெட்போனில், ராத்திரி. அஞ்சாவது பாட்டுக்குள்ள காது வலிச்சு சத்தத்தைக் குறைச்சேன். காலேஜ் நாள்ல இதையே மூணு தடவை தொடர்ந்து கேட்டவன் நான். மாறினது அவங்க மட்டும்தான்னு இத்தனை நாள் நம்பிட்டிருந்தேன்.

இப்போதைக்கு 'ஜெனரேட்டர்', 'டியர் ஆலன்', 'ஆஃப்டர்இமேஜ்' மூணும் என் பிளேலிஸ்ட்ல இருக்கு. 'நெவரெண்டர்'? ரெண்டு தடவை நீக்கி, ரெண்டு தடவை திரும்பச் சேர்த்தாச்சு.