உங்களுக்குத் தெரியுமா? தேதிக்கு முன்னே வரும் வலி

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான்!

• தேதிக்குப் பல நாள் முன்பே வயிறு இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகுகிறதா? பெரும்பாலும் அது சூட்டு வலி. 1872-ல் இதை எழுதிவைத்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரே மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. (சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்த நம் பாட்டிகளின் பெயரை யார் எழுதினார்கள்?) தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடைவெளி குறையும், வலி கூடும்.

• 37 வாரம் முடியுமுன் நிஜ வலி வந்து பிறந்தால் குறைப்பிரசவம். 24 முதல் 34 வாரத்துக்குள் அந்த ஆபத்து வந்தால், தாய்க்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கிராமத்துச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-ல் மத்திய அரசு வழிகாட்டியது.

• 108 ஆம்புலன்ஸ் பிறந்ததே அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவில்தான்: ஐதராபாத், 2005 ஆகஸ்ட் 15. தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது. சித்தூர், திருப்பதியில் இருந்தாலும், எல்லை தாண்டி வேலூரில் இருந்தாலும் அதே எண். கட்டணம் கிடையாது.

37 வாரத்துக்கு முன் விட்டு விட்டு வலி, எப்போதானாலும் நீர்க்கசிவு, ரத்தம், குழந்தையின் அசைவில் குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் சீரகத் தண்ணீருக்கு அடுப்பு மூட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.