நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே

அமெரிக்காவில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டிய வரைபடம் ஒன்றைப் பார்த்தால், நாடு இரண்டாகப் பிளந்து தெரியும். கிழக்குப் பாதி ஏறக்குறைய வெறும் தாள். அயோவாவிலும் நியூயார்க்கிலும் நூற்றில் ஒரு ஏக்கர்கூட வாஷிங்டன் கையில் இல்லை. மேற்கே போகப் போக வண்ணம் தடிக்கிறது. ஓரிகனில் பாதிக்கு மேல், யூட்டாவில் 60 சதவீதத்துக்கு மேல், நெவாடாவில் சுமார் 80 சதவீதம். வாஷிங்டன் மீதான அவநம்பிக்கை அமெரிக்கா முழுவதும் உண்டு. ஆனால் மண்ணை முன்வைத்து, குதிரையேறி, துப்பாக்கியுடன் அதிகாரிகளை எதிர்த்து நின்ற ஊர்கள் இந்த வண்ணத்துக்குள்தான் இருக்கின்றன. காரணம் கேட்டால் அரசியல் சட்டம், சுதந்திரம், கடவுள் என்று பல பதில்கள் வரும். நான் மழையிலிருந்து தொடங்குவேன்.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வடக்கே ஏறும்போது கிழக்கு நோக்கி வளைந்துவிடுகிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரமோ சியரா நெவாடா, ராக்கி மலைகளின் மேற்குச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெருநிலத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும். டகோட்டா மாநிலங்களிலிருந்து டெக்சாஸ் வரை ஓடும் 100-வது தீர்க்கரேகை இதன் தோராயமான எல்லை. அதற்குக் கிழக்கே ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், மானாவாரியில் பிழைக்கலாம். மேற்கே பெரும்பகுதியில் முடியாது. நாட்டிலேயே வறண்ட மாநிலமான நெவாடாவின் சராசரி 250 மில்லிமீட்டர்தான்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்துக்கு இந்தக் கோடு தெரியாது. 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் பட்டா உன் பெயரில் என்றது அந்தச் சட்டம். அயோவாவில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் செல்வம். நெவாடாவின் புதர்க்காட்டில் அதை வைத்துச் சில மாடுகளைக்கூட ஆண்டு முழுவதும் காப்பாற்ற முடியாது. இதை உரக்கச் சொன்னவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். மிஞ்சிய ஒரு கையோடு 1869-இல் படகேறி கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கைக் கடந்தவர். 1878-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், வறண்ட நிலத்தில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும், பாசன நிலமென்றால் 80 ஏக்கர் போதும், நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டாமல் நீர் ஓடும் வழியைப் பார்த்துப் பிரியுங்கள் என்றார். நிர்வாகத்தையே ஆற்றுப்படுகை வாரியாக உள்ளூர் மக்களிடம் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். யாரும் கேட்கவில்லை. அந்நாளில் செல்வாக்கோடு இருந்தது வேறொரு கோட்பாடு: மண்ணை உழுதால் மழை தானாக வரும். நிலம் விற்ற ரயில் கம்பெனிகளுக்கு இதைவிட இனிப்பான அறிவியல் ஏது? 1893-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த பாசன மாநாட்டில், இருக்கிற நிலத்துக்குப் போதுமான தண்ணீர் இல்லை என்று பவல் சொன்னபோது கூட்டம் கூச்சலிட்டது.

ஆக, கிழக்கில் அரசு நிலம் ஏறக்குறைய முழுவதும் பட்டாவாகிக் கைமாறிப் போனது. மேற்கில் ஆற்றோரத்தையும் ஊற்றடிகளையும் மட்டும் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்பாரற்ற மிச்சம் அரசிடமே தங்கியது. சட்டமும் அதற்குத் துணை நின்றது. 1864-இல் லிங்கனின் மறுதேர்தலுக்குள் நெவாடாவை மாநிலமாக்கிவிடும் அவசரத்தில், அதன் அரசியல் சட்டத்தின் 16,543 சொற்களையும் தந்தியிலேயே வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். செலவு 4,303 டாலர். யாருக்கும் ஒதுக்கப்படாத பொதுநிலத்தில் தனக்கு உரிமை ஏதுமில்லை என்று மாநிலம் எழுதிக்கொடுத்ததும் அதே தந்தியில்தான். மேற்கில் எழும் 'எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு' என்ற முழக்கத்தில் 'திருப்பி' என்பது சட்டப்படி நிற்காது என்பது என் கருத்து. ஹூவர் அதிபராக இருந்தபோது மேய்ச்சல் நிலத்தை மாநிலங்களுக்கே தந்துவிட முன்வந்தார்; மேற்கு மாநிலங்கள் வேண்டாம் என்றன. கனிமங்களை வாஷிங்டன் வைத்துக்கொள்ளும், மேய்ந்து மொட்டையான மேல்மண் மட்டும் நமக்கா என்று கேட்டன.

அந்த மொட்டையடிப்பு சாதாரணமானதல்ல. வறண்ட மேற்கின் வெறுந்தரை பார்க்கத்தான் வெறுந்தரை. பல இடங்களில் அதன் மேல் கருமையாக, பொறுக்குத் தட்டியதுபோல ஓர் உயிர்த்தோல் படர்ந்திருக்கும். நீலப்பச்சைப் பாக்டீரியாவின் இழைகள் மணலைக் கோத்துப் பிடிக்க, மேலே பாசியும் லைக்கனும் குடியேறியிருக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பதும், மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் காப்பதும் இந்தத் தோல்தான். ஒரு மாட்டுக் குளம்பு அதை நொடியில் உடைத்துவிடும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். யாருக்கும் உரிமையில்லாத புறம்போக்கில் முதலில் வந்த மந்தை புல்லைத் தின்றது. எஞ்சியதை அடுத்த மந்தை தின்றது. 1934-இல், புழுதிப்புயல்களின் நடுவே, டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து உரிமம், கட்டணம், எண்ணிக்கை என்று கட்டுப்பாடு விதித்தது. இன்று சுமார் 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மைத் துறை 1946-இல் பிறந்தது. அதுமுதல் மேற்கத்திய பண்ணையாளருக்கு நிலக்கிழார், வசூல்காரர், போலீஸ் மூன்றும் ஒரே அலுவலகம்.

இதுவரை இருந்தது எரிச்சல். அது அவநம்பிக்கையாக முற்றியதில் ஐம்பதுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆளில்லாத அரசு நிலம் என்றால் அணுகுண்டு வெடித்துப் பார்க்க வசதி. 1951 ஜனவரி முதல் நெவாடா சோதனைக் களத்தில் வெளிக்காற்றில் மட்டும் 100 குண்டுகள் வெடித்தன. காற்று லாஸ் வேகாஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சலஸ் பக்கமோ வீசும் நாட்களைத் தவிர்த்தார்கள். கிழக்கே வீசினால் சரி. அங்கே தெற்கு யூட்டாவின் சிற்றூர்கள்தான். 1953 மே 19-இல் வெடித்த 'ஹாரி' என்ற 32 கிலோடன் குண்டின் தூசு செயின்ட் ஜார்ஜ் ஊரின் மேல் இறங்கியது.

தூசிலிருந்த அயோடின்-131-இன் அரைவாழ்வு எட்டே நாள்தான். ஆனால் அந்த எட்டு நாளில் அது புல்லில் விழுந்து, பசு வயிற்றுக்குப் போய், பாலில் இறங்கி, குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும். தைராய்டுக்கு நல்ல அயோடின் எது, கதிர்வீசும் அயோடின் எது என்று பிரித்தறியத் தெரியாது. அந்த வசந்தத்தில் சீடர் சிட்டி பகுதியில் 4,000-க்கும் மேற்பட்ட செம்மறிகளும் குட்டிகளும் மடிந்தன. அணுசக்தி ஆணையம் தீவனக் குறை, குளிர் என்றது. 1956-இல் நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன் அரசின் பேச்சை நம்பி மேய்ப்பர்களின் வழக்கைத் தள்ளினார். 1982-இல் அதே நீதிபதி, மறைக்கப்பட்டிருந்த ஆவணங்களைப் பார்த்தபின், அரசு நீதிமன்றத்தையே ஏமாற்றியது என்று தீர்ப்பெழுதினார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காற்றின் வழியில் வாழ்ந்து புற்றுநோய் கண்டவர்களுக்கு மன்னிப்பும் 50,000 டாலரும் அளித்த சட்டம் 1990-இல்தான் வந்தது. அரசைச் சந்தேகிப்பவர்களைச் சதிக்கதைக்காரர்கள் என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு வழக்கையாவது படிக்க வேண்டும்.

நெவாடாவின் பங்கர்வில் அந்தத் தூசின் பாதையில் கிடந்த ஊர். 2014-இல் உலகம் அதன் பெயரைக் கேள்விப்பட்டது. காரணம் ஓர் ஆமை. பாலைவன ஆமை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கும். மழைநாளில் குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் தேக்கி, பல மாதங்களை அதை வைத்தே ஓட்டும். மிரண்டால் அந்த நீரை வெளியே விட்டுவிடும். கோடையில் அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அது வெளியே வந்து மேய்வது பெரும்பாலும் வசந்தப் பூண்டுகள் முளைக்கும் சில வாரங்களில்தான். அதே பூண்டுகளுக்காகத்தான் மாடும் வரும். 1990-இல் ஆமை அழிவாபத்துப் பட்டியலில் ஏறியது, மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒருபுறம் லாஸ் வேகாஸ் ஆமைக்காட்டைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தது. ஈடுகட்ட வேண்டியது தொலைவிலிருந்த மாட்டுக்காரர்கள் என்றால் அவர்களுக்கு வயிறு எரியாதா?

பங்கர்வில் பண்ணையாளர் கிளைவன் பண்டி 1993-இல் மேய்ச்சல் கட்டணம் கட்டுவதை நிறுத்தினார். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2014-இல் அரசு கேட்டது 1.35 டாலர், தனியார் நிலத்தில் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே சண்டை பணத்துக்காக அல்ல, வாங்குகிறவர் யார் என்பதற்காக. பாக்கியும் அபராதமுமாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியபோது அதிகாரிகள் மாடுகளைப் பிடித்தார்கள். ஏப்ரல் 12 அன்று ஆயுதமேந்திய கூட்டம் எதிர்நின்றது. அரசு பின்வாங்கி மாடுகளை அவிழ்த்துவிட்டது. 2016-இல் அவர் மகன்கள் ஓரிகனில் மால்ஹியூர் பறவைகள் சரணாலயத்தை 41 நாள் பிடித்துவைத்தார்கள். கூட்டாளி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2014 மோதலுக்காகப் பண்டி மீது தொடுத்த நெவாடா வழக்கு 2018-இல் உடைந்தது. அரசுத் தரப்பு ஆதாரங்களை மறைத்தது என்று நீதிபதி கண்டார். அரைநூற்றாண்டுக்கு முந்தைய செம்மறி வழக்கின் பாடம் எவர் காதிலும் ஏறவில்லை போலும்.

இதே நெவாடாவில் மேரி டான், கேரி டான் என்ற மேற்கு ஷோஷோனி சகோதரிகளும் மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்தவர்கள்தான். அவர்கள் காட்டியது 1863-இன் ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தம். இந்த மண்ணை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்றார்கள். 'திருப்பி' என்ற சொல்லுக்குத் தகுதியான உரிமைக்குரல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அரசு ஒதுக்கிய இழப்பீட்டை அவர்கள் இனம் தொட மறுத்தது. உச்ச நீதிமன்றமோ பணம் கருவூலத்தில் வைக்கப்பட்டாலே கொடுத்ததாகும் என்று 1985-இல் சொல்லிவிட்டது. 2002-இல் அதிகாரிகள் சகோதரிகளின் மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அவை அவிழ்த்துவிடப்படவில்லை.

ஒதுக்கப்படாத 1.85 கோடி ஏக்கரைக் கேட்டு யூட்டா 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது; 2025 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு யூட்டா செனட்டர் மைக் லீ, மேற்கின் பொதுநிலத்தில் ஒரு பகுதியை விற்க மசோதாவில் இடம் தேடினார். எதிர்ப்பு சுற்றுச்சூழல்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. மான் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் அந்த நிலத்தை நம்பியிருப்பவர்கள், வாஷிங்டனைத் திட்டாமல் பொழுது விடியாத ஐடஹோ, மொன்டானாக்காரர்கள், லீயின் சொந்தக் கட்சி செனட்டர்கள் என்று பலரும் கூடாது என்றார்கள். விற்றால் வாங்குகிறவன் வேலி போடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜூன் முடிவதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றார்.