சக்கரம் வைத்த படுக்கை அறை

நீங்கள் காரில் தூங்கியிருக்கிறீர்களா?

"இது என்ன கேள்வி? திருச்சியில் கண்ணை மூடினால் தாம்பரத்தில்தான் விழிப்பேன்!" என்கிறீர்களா? நான் கேட்பது அந்தத் தூக்கத்தை அல்ல. காரை ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, உள்ளே மெத்தை விரித்து, தலையணை போட்டு, குழந்தையை நடுவில் கிடத்தி, வீட்டில் தூங்குவது போலவே விடிய விடியத் தூங்கும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

"நல்ல வேடிக்கை! ஊரில் ஹோட்டலே இல்லையா?" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. ஆனால் மேல் நாடுகளில் ஹோட்டல் வாடகை கொடுக்க வசதி உள்ளவர்களே இப்போது இப்படித் தூங்குகிறார்கள். மின்சாரக் கார் வந்த பிறகு இந்த வழக்கம் இன்னும் வளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அது வெறும் சௌகரியத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாசனை இல்லாத திருடன்

2024-ம் வருஷம் டிசம்பர் மாதம். கேரளத்தில் வடகரை என்னும் ஊரில் சாலை ஓரமாக ஒரு காரவான் வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே படுக்கை, ஏ.சி. எல்லாம் உள்ள வண்டி. வெகு நேரமாக அது நகராமல் நிற்பதைக் கண்டு சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. ஏ.சி. ஓடுவதற்காக வண்டியிலிருந்த ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மானாக்ஸைடு என்ற வாயு உள்ளே புகுந்துவிட்டது என்று பரிசோதித்த நிபுணர்கள் சொன்னார்கள்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையைக் கூடக் கரிக்காது. நம் ரத்தம் பிராண வாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இந்த விஷ வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் ஆசையோடு பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். அவர் எழுந்து வெளியே ஓடலாம். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. தூக்கம் அப்படியே நீண்டுவிடும்.

பெட்ரோல் காரிலும் டீசல் காரிலும் இதே அபாயம்தான். ஏ.சி. வேண்டுமென்றால் என்ஜின் ஓட வேண்டும். என்ஜின் ஓடினால் புகை வரும். திறந்த வெளியில் காற்று அதைக் கொண்டு போய்விடலாம். மூடிய ஷெட்டிலோ, பின்னால் சுவர் தடுக்கும் இடத்திலோ, குழாயில் ஓட்டை விழுந்த பழைய வண்டியிலோ அது எங்கே போகும்? உங்களிடம்தான் வரும். ஆகவேதான், என்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்காதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறார்கள்.

மின்சாரக் காரில் என்ஜினும் இல்லை. புகைக் குழாயும் இல்லை. ஏ.சி. நேராக பாட்டரியிலிருந்து ஓடுகிறது, உங்கள் வீட்டு ஏ.சி. சுவரிலுள்ள பிளக்கிலிருந்து ஓடுவதைப் போல. திருடன் வருகிற வாசலையே அடைத்தாயிற்று. மற்றதெல்லாம் வெறும் வீட்டுக் கணக்குத்தான்.

சூரியன் தூங்காத ஊரில்

இந்தக் கணக்கை நேரில் பார்க்க நார்வே தேசத்துக்குப் போவோம், வாருங்கள். காசு செலவில்லாத பிரயாணம்தான்!

ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள நார்வேயின் ஜனத்தொகை சுமார் 55 லட்சம். நம் சென்னையில் உள்ளவர்களைவிடக் குறைவு. ஆனால் 2024-ம் வருஷம் அங்கே விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். மலை அருவிகளிலிருந்து கிடைக்கும் மின்சாரம் அவர்களிடம் ஏராளம். திறந்த வெளியில் பொழுது போக்குவதற்கு அவர்கள் 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லும்போது நாக்குச் சுளுக்கிக் கொண்டால் நான் ஜவாப்தாரி அல்ல!

இதற்கென்று 1957-ல் ஒரு சட்டமே செய்தார்கள். பயிர் செய்யாத வெளியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். கூடாரம் அடித்துத் தங்கலாம். ஆனால் மனிதர்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஊர்ப்பக்கத்தில் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்குவதென்றால் நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். இந்த உரிமை காலால் நடக்கிறவர்களுக்குத்தான், சக்கரத்துக்கு அல்ல. காரைப் புல்வெளியில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. சாலை ஓரத்தில் அனுமதி உள்ள இடத்திலோ, கட்டணம் வாங்கும் முகாம்களிலோதான் நிறுத்த வேண்டும்.

நாம் போவது ட்ரொம்ஸோ என்ற ஊருக்குப் பக்கம். மே மாதம் மூன்றாவது வாரத்திலிருந்து ஜூலை மூன்றாவது வாரம் வரை அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. நடு ராத்திரியிலும் பளிச்சென்று வெயில். ஆனால் குளிர் மட்டும் நம் ஊட்டியை நினைவூட்டும். கூடாரத்தில் படுத்தவர் பல்லைக் கிட்டித்துக்கொண்டு புரளுகிறார். பக்கத்தில் மின்சாரக் காரில் ஒரு தம்பதி, நடுவில் ஐந்து வயதுப் பெண். ஜன்னல்களுக்கெல்லாம் உள்ளிருந்து கெட்டியான திரை. வெப்பத்தை 20 டிகிரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை, பக்கத்துக் கூடாரத்துக்குத் தொந்தரவும் இல்லை.

ராத்திரிக்கு எத்தனை யூனிட்?

"பாட்டரி தீர்ந்துபோனால் காலையில் நடந்தா வீட்டுக்குப் போவது?" என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மின்சார பில்லைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்குப் பிரமாதம் அல்ல.

நடுத்தரமான ஒரு மின்சாரக் காரின் பாட்டரியில் சுமார் 60 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் ஓடும். வெளியே கடுங்குளிரோ கடும் வெப்பமோ இல்லாத இரவில், உள்ளே இதமாக வைத்துக்கொள்ள மணிக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை ஆகும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு நாலு முதல் எட்டு யூனிட். அதாவது, தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தைத் தூக்கத்தில் செலவழித்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்!

பனிக் காலத்தில் கணக்கு மாறும். பெட்ரோல் காரில் என்ஜினின் வீண் சூடு இனாமாகக் கிடைக்கிறது. மின்சாரக் காரில் சூட்டையும் பாட்டரியிலிருந்துதான் வாங்க வேண்டும். தண்ணீர் உறையும் குளிரில் ராத்திரிச் செலவு இரண்டு மடங்கு ஆகலாம். போதாக்குறைக்கு, அதே குளிர் ஓடும் தூரத்தையும் குறைத்துவிடும். ஆகவே, படுக்கும்போது, அடுத்த சார்ஜ் நிலையத்துக்கு வேண்டியது போக ராத்திரிச் செலவுக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததும் ஏ.சி. தானாகவே நின்றுவிடும். அர்த்த ராத்திரியில் குழந்தை வியர்த்து அழும்போதுதான் அது தெரிய வேண்டுமா?

இதில் நம் பாட்டிமார்களின் யுக்தி ஒன்று இன்றைக்கும் செல்லுபடியாகிறது. அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு! ஒரு சிறிய மின்சாரப் போர்வை ராத்திரி முழுவதும் ஓடினாலும் அரை யூனிட்தான் ஆகும். நல்ல கம்பளிக்கு அதுவும் வேண்டாம்.

படுக்கை போடும் முறை

மின்சாரக் காரில் பாட்டரி தரைக்கு அடியில் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் உள்ளே தரை பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். பின் ஸீட்டை மடக்கி, முன் ஸீட்டை முன்னால் தள்ளினால் பல கார்களில் ஆறடி ஆள் கால் நீட்டலாம். மடக்கிய ஸீட்டுக்கும் தரைக்கும் நடுவே படி மாதிரி ஒரு பள்ளம் விழும். அதைத் துணி மூட்டையால் நிரப்பி மேலே மெத்தையைப் போடுங்கள். பெரியவர்கள் இருவர், நடுவில் ஒரு குழந்தை. அதற்கு மேல் ஆள் சேர்த்தால் தூக்கம் வராது, சண்டைதான் வரும்!

பல கார்களில் 'முகாம்' என்றே ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போட்டால் ஏ.சி. மட்டும் ஓடும், விளக்குகள் அணையும். இல்லாத காரில், ஓட்டுகிறவர் இல்லை என்று நினைத்து வண்டி தானே அணைந்துவிடலாம். திருடனைப் பிடிக்க வைத்த அலாரம், குழந்தை புரண்டு படுத்ததற்கு ஊரைக் கூட்டிவிடலாம். ஆகவே முதல் ராத்திரியை வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். அண்டை வீட்டார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

காற்று விஷயத்தில் ஒன்று முக்கியம். காரில் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தான் ஒன்று உண்டு. அதைப் போடாதீர்கள், வெளிக் காற்று வரும்படி வையுங்கள். மூன்று பேர் மூச்சு விட்ட காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசித்தால் காலையில் தலை கனக்கும். கண்ணாடியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அப்படியே, பக்கத்தில் யாராவது என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால் உடனே இடத்தை மாற்றுங்கள். உங்கள் காரில் புகை இல்லை என்பதற்காக அவர்கள் புகை உங்கள் ஜன்னலுக்கு வராதா, என்ன?

தாய்மார்களின் சந்தேகம்

"பாட்டரியின் மேலேயா படுப்பது? ஷாக் அடிக்காதா?" அடிக்காது. நாம் படுக்கும் இடத்துக்கும் பாட்டரிக்கும் நடுவே கெட்டியான உலோகப் பெட்டி இருக்கிறது. மின்சாரம் வழி தவறினால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் எங்காவது மோதி அடிப்பாகம் நசுங்கிய கார், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார், எச்சரிக்கை விளக்கு எரிகிற கார் இவற்றில் படுக்கவே வேண்டாம். நிபுணர் பார்த்த பிறகுதான் மற்றது.

"கதவு திறக்காமல் போனால்?" இது மிகவும் நல்ல கேள்வி. சில கார்களில் கதவு பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும். மின்சாரம் நின்றால் கையால் திறக்கத் தனி நெம்புகோல் இருக்கும். பின் கதவுகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். சிலவற்றில் இல்லாமலும் இருக்கும். படுப்பதற்கு முன் அதைத் தேடிப் பிடித்து, உங்கள் கையாலேயே ஒரு தடவை திறந்து பாருங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது உங்களுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

நம் ஊரிலும் மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. விடுமுறைக்கு மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஆசை வராமல் இராது. வரட்டும். ஆனால் ஆள் நடமாட்டமும், குழாய்த் தண்ணீரும், கழிப்பிடமும் உள்ள இடமாக, உரியவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். காட்டு வழி வேண்டவே வேண்டாம். பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் போவதற்கே தடை இருக்கிறது. அந்த நேரம் யானைகளுக்குச் சொந்தம்.

விடிந்ததும் காபி

விடிந்துவிட்டது. வெளியே மழை தூறுகிறது. காபி இல்லாமல் யாருக்கும் கண் திறக்கவில்லை. "ஐந்து நிமிஷ வேலைதானே, சின்ன காஸ் அடுப்பை உள்ளேயே பற்ற வைத்தால் என்ன?" என்று ஒரு எண்ணம் வரும்.

வேண்டாம்! இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கரி அடுப்போ, காஸ் அடுப்போ, மண்ணெண்ணெய் அடுப்போ, மூடிய இடத்தில் எதை எரித்தாலும் அதே கார்பன் மானாக்ஸைடு பிறந்துவிடும். குளிருக்கு அடக்கமாகக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். காரோ, அறையைவிடச் சிறியது. வாசலில் அடைத்து வைத்த திருடனை நாமே பின் கதவால் உள்ளே அழைக்கலாமா?

அதற்கும் மின்சாரக் காரிலேயே வழி இருக்கிறது. சில கார்களில் வீட்டில் உள்ளது போன்ற பிளக் உண்டு. மின்சாரக் கெட்டிலைச் செருகுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். அரைக் கிலோமீட்டர் ஓட்டத்தைக் கொடுத்தால் குடும்பத்துக்கே காபி! பிளக் இல்லாத காரா? முதல் நாள் ராத்திரியே பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுங்கள்.

காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு திரையை மெல்ல விலக்குங்கள். எதிரே ஏரி, மேலே பனி மூட்டம். குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது. ஒரு தாயாருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?