விருப்பாட்சியை மீட்ட ஆய்வுக்கூடம்; தோட்டத்தில் மிச்சமிருக்கும் வேலை

பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது விருப்பாட்சி. நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம், பிசைந்தால் நீர்த்துப் போகாது. மற்ற வாழையைப் போட்டால் பஞ்சாமிர்தத்தின் பக்குவமே மாறிவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கத்து மலைச்சரிவுகளில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே மானாவாரியாக வளரும் இந்த வாழை, ஒரு காலத்தில் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு வட்டாரத்தின் பெரிய வரும்படி. 1970-களில் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய்.

இந்த நோய்க்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அப்படியிருந்தும் மலையில் விருப்பாட்சி அடியோடு அழிந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்த சிலரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் எது முடிந்தது, எது விவசாயியின் கையில் மிச்சமிருக்கிறது என்பது தெரிந்தால்தான், வாங்கி வைக்கும் திசு வளர்ப்புக் கன்றுக்குக் கொடுத்த காசு வீணாகாது.

கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. அங்கே 1920-களின் தொடக்கத்தில் வாழைத் தோட்டங்கள் கொத்துக் கொத்தாகச் சுருங்கிக் காய்க்காமல் போயின. சில பள்ளத்தாக்குகளில் பத்தில் ஒன்பது பங்கு விளைச்சல் போய்விட்டது. மண்ணில் சத்துக் குறைவு என்றார்கள், வேரில் பூஞ்சை என்றார்கள். 1924-ல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் கோடார்டு முன்னின்று நடத்திய ஆய்வுக் குழு அமைந்தது. அதில் வேலை பார்த்த சார்லஸ் மாகி அப்போது இருபது வயதைக் கடந்த இளம் வேளாண் பட்டதாரி. நோயுள்ள வாழையில் இருந்த கருப்பு அசுவினியை நல்ல கன்றில் விட்டுப் பார்த்தார். கன்று நோயில் விழுந்தது. நோய் மரத்தின் சாற்றை நல்ல கன்றில் ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. நச்சுயிரியைக் கண்ணால் பார்க்கும் கருவி இல்லாத காலத்திலேயே, இது நச்சுயிரி நோய், அசுவினியாலும் நோயுள்ள கன்றாலும் மட்டுமே பரவுகிறது என்று 1927-ல் எழுதி முடித்தார்.

அதை வைத்து அங்கே சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் கன்று நட முடியாது. ஆய்வாளர் தோட்டம் தோட்டமாக வருவார். நோய் கண்ட தூரை உடனே அழிக்க வேண்டும். வாழைத் தொழில் மீண்டது. நம் பக்கத்தில் இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்த இந்த நோய், அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாமல் கன்றோடு கன்றாக மலையேறியது. மலைவாழை வைத்தால் பல வருஷம் அதே தூரில் நிற்கிற பயிர். பக்கத்துத் தோட்டக்காரரிடம் பத்துக் கன்று கேட்டு வாங்கி நடுவதுதான் வழக்கம். நோய்க்கு இதைவிட வசதியான பயிர்முறை கிடையாது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். நல்ல தாய்மரத்தைத் தேர்ந்தெடுத்து, 'எலைசா' சோதனையில் நச்சுயிரி இல்லை என்று உறுதி செய்து, அதன் குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பில் கன்றுகளை உண்டாக்கி, கீழ்ப்பழனி மலை விவசாயிகளின் தோட்டத்திலேயே நட்டுக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அதே மலையில் இருப்பது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த வசதி. விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததும் மலைவாழைக்குத் தனி மதிப்பு சேர்த்தது. மேல்மலைப் பூண்டுக்காக கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் முயன்று 2019-ல் குறியீடு வாங்கித் தந்தது இன்னொரு கதை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'திசு வளர்ப்புக் கன்று என்றால் நோய் வராது' என்று பல தோட்டங்களில் சொல்கிறார்கள். இரண்டு விதத்தில் இது சரியில்லை. ஒன்று, சோதிக்காத தாய்மரத்திலிருந்து திசு எடுத்தால், ஒரு நோய்க்கன்றுக்குப் பதில் ஆயிரம் நோய்க்கன்று வரும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிப்புத் திட்டம் நடத்துகிறது. கன்று வாங்கும்போது சான்று லேபிளைக் கேட்பது விவசாயியின் உரிமை. லேபிள் இல்லாத கன்று எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் மலைக்கு ஏற்ற வேண்டாம். இரண்டு, சோதித்த கன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. அது சுத்தமான கன்று, அவ்வளவுதான். பக்கத்தில் நோய்த்தூர் இருந்தால் அசுவினி ஏறி வந்து அதையும் கெடுக்கும்.

எவ்வளவு பக்கத்தில்? ஆலன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இதை அளந்து பார்த்திருக்கிறார். புதிதாக நோய் கண்ட மரங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய் மரத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன. 86 மீட்டருக்குள் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கிவிட்டன. மலைவாழைக்குப் பரிந்துரை இடைவெளி 3.6 மீட்டர். அப்படியானால் நோய்த்தூரைச் சுற்றி ஐந்தாறு வரிசைக்குள்தான் பெரும்பாலான ஆபத்து; இருபத்தைந்து வரிசை தாண்டினால் பயம் குறைவு. நம் சரிவிலும் காற்றிலும் கணக்கு கொஞ்சம் மாறலாம். ஆனால் வேலி தாண்டி இருக்கும் பக்கத்துக்காரர் தோட்டமும் இந்தக் கணக்குக்குள் வருகிறது என்பதில் மாற்றமில்லை. ஒருவர் மட்டும் சுத்தக்கன்று வைத்து, அடுத்தவர் நோய்த்தூரை 'இந்தத் தார் வெட்டின பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவைத்தால், செலவு செய்தவருக்குத்தான் நஷ்டம்.

நோயை இலை கொத்தாகும் முன்பே பிடிக்கலாம். இலையின் அடிப்பக்கம் நடு நரம்பையும் காம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளியும் கோடுமாக, விட்டு விட்டுக் கரும்பச்சைக் கீற்று தெரிந்தால் அதுதான். பக்க நரம்பு நடு நரம்போடு சேரும் இடத்தில் கீற்று கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அசுவினி ஏறிய பின் அறிகுறி தெரிய மூன்று, நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் மாதம் ஒரு முறை பார்ப்பது போதாது. புதுத் தோட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுற்ற வேண்டும்.

பிடித்த பிறகு செய்யும் வேலையில்தான் பெரும்பாலும் சொதப்பல் நடக்கிறது. கையில் அரிவாள் இருக்கிறது என்று முதலில் மரத்தை வெட்டினால், அதிலிருக்கும் அசுவினி அத்தனையும் பக்கத்துத் தூருக்கு இடம் மாறும். முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும். குருத்து, இலையுறைச் சந்து, தரையை ஒட்டிய தண்டு, பக்கக்கன்று எல்லாம் நனைய மருந்தடிக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அந்தந்தப் பருவத்துக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதிப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. அசுவினி செத்த பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி முளைக்காதபடி துண்டு துண்டாக்க வேண்டும். தூரில் ஒரு கன்றில் அறிகுறி தெரிந்தாலே முழுத் தூரும் போக வேண்டும். மற்ற கன்று பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடுவதும், அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும்தான் மலை முழுக்க இந்த நோயைக் கொண்டுபோனது.

நோய்த்தூரை வெட்டிய அரிவாளால் நல்ல மரத்தைத் தொட்டால் நோய் ஒட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மாகியின் சோதனை சொல்வது போல, முடிக்கொத்து நோய் அரிவாளிலும் மண்ணிலும் ஒட்டாது. தூரை முழுசாக எடுத்துவிட்டால், சுற்றியுள்ள தோட்டமும் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், அதே குழியில் சோதித்த கன்றை வைக்கலாம்.