ஐந்தாம் பரிமாணத்தின் மிச்சமா கரும்பொருள்?

விண்மீன்கள், கோள்கள், நாம் எல்லாம் சேர்ந்த பொருளைப்போல் 5 மடங்குக்கும் மேல் அண்டத்தில் கரும்பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அது எதனால் ஆனது?

நீளம், அகலம், உயரம், காலம் தாண்டி ஐந்தாவது பரிமாணம் உண்டு என்ற கருத்தை 1921-இல் வெளியிட்டார் ஜெர்மானியக் கணித அறிஞர் தியோடர் கலூசா. அது அணுவைவிட மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம் என்றார் 1926-இல் சுவீடனின் ஆஸ்கர் கிளைன். அந்த வட்டத்துக்குள் ஒரு துகள் ஓடினால், ஓட்டம் நமக்குத் தெரியாது. துகளின் நிறையாகவே தெரியும். எத்தனை அழகான கணக்கு!

பெருவெடிப்பை அடுத்த கடும் வெப்பத்தில் இப்படிப்பட்ட கனத்த துகள்கள் ஏராளமாகப் பிறந்து, மோதி அழிந்திருக்கும். அண்டம் விரிந்து குளிர்ந்ததும் மோதல் ஓய, தப்பிப் பிழைத்தவையே கரும்பொருளாக இருக்கலாம் என்கிறது ஒரு கோட்பாடு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் துகள்மோதி வளையத்தில் இத்துகள்களைத் தேடுகிறார்கள், இன்னும் சிக்கவில்லை.