ஆர்சிபி ஆடும் லெவன்: ரசிகர்களின் விவாதத்தில் 12-ஆவது பெயர் முக்கியமானது ஏன்?

பெங்களூரு: ஐபிஎல் போட்டி நாள்களில் சிவாஜிநகரின் தேநீர்க் கடைகளில் தமிழ், கன்னடம், உருது என எந்த மொழியில் பேச்சு தொடங்கினாலும், ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு (ஆர்சிபி) அணியின் ஆடும் லெவனில் யார் யார் என்பதில்தான் வந்து நிற்கும். சின்னசாமி மைதானம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால், 2023-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு 11 பெயர்கள் போதுவதில்லை.

அந்த ஆண்டு அறிமுகமான 'இம்பேக்ட் வீரர்' விதிப்படி, 11 வீரர்களுடன் 5 மாற்று வீரர்களின் பெயர்களையும் அணிகள் அளிக்க வேண்டும். அவர்களில் ஒருவரைப் போட்டியின் நடுவே களமிறக்கலாம். வெளியேறியவர் மீண்டும் ஆட முடியாது. லெவனில் ஏற்கெனவே 4 வெளிநாட்டு வீரர்கள் இருந்தால், மாற்று வீரர் இந்தியராகவே இருக்க வேண்டும். டாஸ் முடிந்த பிறகே பட்டியல் ஒப்படைக்கப்படுவதால், முதலில் பேட்டிங் என்றால் ஒரு லெவன், பந்துவீச்சு என்றால் வேறொரு லெவன் என அணிகள் வகுத்துக்கொள்ள முடிகிறது. ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சியை இது பாதிக்கும் என ரோஹித் சர்மா 2024-இல் விமர்சித்தார். எனினும், 2027 வரை விதி தொடரும் என்று பிசிசிஐ அறிவித்தது.

பெங்களூரு ரசிகர்களுக்கு இந்த 12-ஆவது இடம் பெரும்பாலும் பந்துவீச்சாளரைப் பற்றிய கவலையே. அதற்குக் காரணம் உண்டு. 2013-இல் புணே வாரியர்ஸுக்கு எதிராக கிறிஸ் கெயில் 66 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் குவித்தது இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது. ஆனால் கோப்பை வரவில்லை. 2016 தொடரில் விராட் கோலி மட்டும் 973 ரன்கள் எடுத்தார். சின்னசாமியிலேயே நடைபெற்ற அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் சன்ரைசர்ஸ் 208 ரன்கள் குவித்தது. ஷேன் வாட்சன் வீசிய கடைசி ஓவரில் மட்டும் 24 ரன்கள் போயின. ஆர்சிபி தோற்றது வெறும் 8 ரன்களில்.

கணக்கு மாறியதை 2024 மே 18-ஆம் தேதி ஆட்டம் காட்டியது. பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கடைசி ஓவரில் 17 ரன்கள் தேவைப்பட்டன. முதல் பந்தில் தோனி சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தில் அவரை ஆட்டமிழக்கச் செய்த யஷ் தயாள், அந்த ஓவரில் மொத்தம் 7 ரன்களே கொடுத்தார். மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஒரே வீட்டில் துவைத்துக் காயும் தமிழர் பகுதியில் இந்த ஓவரை எப்படி நினைவுகூர்வது என்பது, யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாதில் 190 ரன்கள் எடுத்த ஆர்சிபி, பஞ்சாப் கிங்ஸை 6 ரன்களில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்ட நாயகன் விருது பேட்டருக்குச் செல்லவில்லை. 4 ஓவர்களில் 17 ரன்கள் மட்டும் கொடுத்து 2 விக்கெட்டுகளைச் சாய்த்த க்ருணால் பாண்டியாவுக்குக் கிடைத்தது.

18 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. மறுநாள் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஏற்பட்ட கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் கொண்டுவரப்பட்டது சிவாஜிநகரில் உள்ள பௌரிங் அரசு மருத்துவமனைக்குத்தான். வெற்றியைப் பற்றிய பேச்சு இப்பகுதியில் அந்த மருத்துவமனை வாசலைத் தொடாமல் முடிவதில்லை.