கருணைக்கொலை: ஒரு சொல்லும் ஒரு திரைப்படமும்

சில சொற்கள் பொருளை மட்டுமன்றித் தீர்ப்பையும் சேர்த்தே சுமந்து வருகின்றன. ‘கருணைக்கொலை’ அத்தகையதொரு சொல். தீராத் துன்பத்தில் உழல்பவரின் உயிரை முடித்துவைப்பதைத் தமிழில் இச்சொல்லால் குறிக்கிறோம். இதனைப் பிரித்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கருணை காட்டுபவர் பிறர், கொல்பவரும் பிறர். எவருடைய உயிர் பேசப்படுகிறதோ, அவர் இச்சொல்லில் இல்லை. அவர் விரும்பினாரா, மறுத்தாரா என்பதை இச்சொல் நமக்கு உணர்த்துவதில்லை. இக்குறையின் ஆழத்தை உணர்வதற்கு, 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார் அதென்ட்ரோ’ என்னும் ஸ்பானியத் திரைப்படம் நமக்குத் துணைபுரிகிறது.

அலெஹாந்த்ரோ அமெனாபார் இயக்கத்தில் ஹாவியர் பார்டெம் நடித்த இப்படம், சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இது மெய்யாக வாழ்ந்த ஒருவரின் கதை. ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவைச் சேர்ந்த ரமோன் சம்பெத்ரோ கப்பலில் பணிபுரிந்தவர். 1968ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், பாறையிலிருந்து ஆழம் குறைந்த நீரில் பாய்ந்து கழுத்து முறிந்தார். அதன்பின் ஏறத்தாழ 29 ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. வாயில் கவ்விய கோலால் எழுதினார், நூலும் வெளியிட்டார். பிறர் உதவியுடன் இறக்கும் உரிமையை வேண்டி 1993 முதல் நீதிமன்றங்களை நாடினார். எந்த மன்றமும் இசையவில்லை.

இவ்வழக்கின் முடிச்சு யாதெனில், ஸ்பெயினில் தற்கொலை முயற்சி குற்றமன்று. அதற்குத் துணைநிற்பதே குற்றம். கையை அசைக்க இயலாதவருக்கோ பிறர் துணையின்றி எதுவும் நடவாது. அவர் உயிர் எந்தக் கருவியையும் நம்பியிருக்கவில்லை. ஆதலின் சிகிச்சையை நிறுத்துங்கள் என்று கேட்கவும் அவருக்கு வழியில்லை. ஆகவே அவர் கோரிய உரிமை எப்போதும் இன்னொருவரின் கையை வேண்டி நின்றது.

திரைப்படம் இம்முடிச்சை அவிழ்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. கடல் தொழிலை விட்டு நிலத்தில் உழைத்துத் தம்பியைக் காக்கும் அண்ணன் ஹொசே, தம் வீட்டில் இது நிகழ ஒப்பமாட்டார். அண்ணி மனுவேலாவோ, எது சரி என்று வாதிடுவதில்லை. ரமோனை மகனாகவே பேணுகிறார். அவரைப் போன்றே உடல் செயலிழந்த பாதிரியார் ஒருவர் வாழும்படி அறிவுறுத்த வருகிறார். அவருடைய சக்கர நாற்காலி குறுகிய மாடிப்படியில் ஏறாமையால், இளைஞர் ஒருவர் மேலும் கீழும் ஓடி இருவர் வாதங்களையும் சுமக்கிறார். நகைப்பூட்டும் இக்காட்சி, ஒரே நிலையிலுள்ள இருவர் முற்றிலும் வேறான முடிவுகளை அடையக்கூடும் என்பதைத் தெளிவுறுத்துகிறது. உடல் செயலிழந்த வாழ்வு வாழத்தகாதது என்று படம் கூறவில்லை. ரமோன் தம்மைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அவருடன் இறப்பதாக வாக்களித்த வழக்கறிஞர் ஹூலியா, பின்னர் மனம் மாறி வாழ்வையே தேர்கிறார்.

நீதிமன்றக் காட்சி நம் கருத்திற்கு மிகவும் நெருங்கியது. நெடுந்தொலைவு பயணம் செய்து மன்றத்திற்கு வந்த ரமோனுக்கு, நடைமுறை விதிகளைக் காட்டிப் பேச வாய்ப்பு மறுக்கப்படுகிறது. எவருடைய வாழ்வைப் பற்றி வழக்கோ, அவர் குரல் மட்டும் அங்கே ஒலிக்கவில்லை. ‘கருணைக்கொலை’ என்னும் சொல்லில் நேர்வதும் இதுவே அன்றோ?

அவ்வாறாயின் ‘இறக்கும் உரிமை’ எனலாமா? அத்தொடரில் வேண்டுபவர் இருக்கிறார், உதவுபவர் மறைந்துவிடுகிறார். 1998 ஜனவரியில் சம்பெத்ரோ இறந்தபோது அவருடைய தோழி ரமோனா மனெய்ரோ கைதானார். போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்த பின்னர், 2005இல்தான் தாம் உதவியதை அவர் வெளிப்படுத்தினார். அத்தனை ஆண்டுகள் அவர் சுமந்த மௌனத்திற்கு அத்தொடரில் இடமில்லை.

2021ஆம் ஆண்டில் ஸ்பெயின் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தீராக் கொடுநோயோ, தாங்கவொண்ணாத் துன்பம் தரும் நிரந்தரச் செயலிழப்போ உடையவர், குறைந்தது 15 நாள் இடைவெளியில் இருமுறை தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். குழுவொன்று அதனைச் சரிபார்க்கும். மனச்சான்று இடந்தராத மருத்துவர் மறுக்கலாம். வேண்டுபவரின் விருப்பத்தையும் உதவுபவரின் மனத்தையும் ஒருங்கே கருதிய முயற்சி இது. இதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அறநெறிக்கு உரியன.

மொழிக்கு உரிய கடமை வேறொன்று உண்டு. ஒருவர் தாமே வேண்டி இறப்பதையும், நினைவிழந்தவர் பொருட்டுப் பிறர் முடிவெடுப்பதையும், பயன்தராத சிகிச்சையை நிறுத்துவதையும் ஒரே சொல்லால் குறித்தால் நம் விவாதம் தெளிவடையாது. இம்மூன்றையும் வேறுபடுத்தும் சொற்களை நாம் வழக்கிற்குக் கொணர்தல் வேண்டும். நோயுற்றவரின் படுக்கையருகே குடும்பத்தார் கூடிப் பேசும் வேளையில், அவர் விருப்பத்தைக் கேட்டறியவும் அத்தெளிவு நமக்குத் துணைநிற்கும்.